கதம்தலாவில் முறிந்த கால்

1996 ஏப்ரல் மாதம். நடு அந்தமானில் கதம்தலா என்ற குடியிருப்பை ஒட்டி ஜாரவாப் பழங்குடிப் பையன் ஒருவன் கால் முறிந்து நகர முடியாமல் கிடந்தான். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து காட்டைத் திருத்தி வயலாக்கியவர்களின் பகுதி அது. அங்கே ஜாரவா என்றால் அம்புதான் நினைவுக்கு வரும். தேன் எடுக்கக் காட்டுக்குள் போனவர்கள் பிணமாகத் திரும்பிய கதை பல வீடுகளில் உண்டு. துப்பாக்கிக்கு இரையான ஜாரவாக்களின் கணக்கோ எந்த வீட்டிலும் இல்லை. அப்படிப்பட்ட ஊர் அன்று அந்தப் பையனைக் கொல்லவில்லை. அவன் போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான். எலும்பு சேர்த்துக் கட்டப்பட்டது. சில மாதங்கள் அவன் அங்கே இருந்தான்; சோறு, மின்விசிறி, தொலைக்காட்சி, ஒரு சில இந்திச் சொற்கள் எல்லாம் அவனுக்குப் பழக்கமாயின. குணமானதும் அவனைக் காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

1997 அக்டோபரில் ஜாரவாக்கள் பகல் வெளிச்சத்தில், வில்லம்பு இல்லாமல், காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். மருத்துவமனைக்குப் போய்வந்த பையனும் அவர்களோடு இருந்தான். நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட வெளியுலகை எதிர்த்து நின்ற ஓர் இனம் கைநீட்டி வந்த நாள் அது. ஒரு முறிந்த கால் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காட்டை ஊடுருவிப் போட்ட அந்தமான் டிரங்க் சாலை, சுருங்கிவந்த வேட்டை நிலம், கடற்கரையில் ஆண்டுக்கணக்கில் அரசு இறக்கிவைத்த தேங்காயும் வாழைப்பழமும் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் தீவில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அந்தக் காலில்தான் தொடங்குகிறார்கள். வைத்தியம் செய்த கை நல்ல கை என்று ஒருவன் திரும்பிப்போய்ச் சொன்னான். அவன் சொன்னதை அவனுடைய ஆட்கள் நம்பினார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1999-இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது.

சமுதாய நலம் என்ற சொல்லின் முழுக் கனமும் இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் இருக்கிறது. ஓர் உடம்பைக் குணப்படுத்திய தொடர்பே ஒரு கூட்டத்தை நோய்க்குத் திறந்துவிடுகிறது. எலும்பைச் சேர்த்துக் கட்டத் தெரிந்த மருத்துவம், கட்டை அவிழ்த்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுமா? அந்தமானில் மருத்துவத்தின் வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

இந்தக் கேள்வியை வேறொரு மண்ணில், வேறொரு வகையில் எழுப்பியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். அமெரிக்காவின் எல்லைப்புற மாநிலங்களில் வைத்தியம் பார்த்தவர். 1864-இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. அன்றைய மருந்துகளின் மீது நம்பிக்கை இழந்த அவர் எலும்பையும் தசையையும் கையால் தடவி அறிந்து சரிசெய்யும் ஒரு முறையை 1874-இல் அறிவித்தார். அதுவே ஆஸ்டியோபதி. 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் அதற்கென ஒரு பள்ளி தொடங்கியது; பெண்களும் அதில் முதலிலிருந்தே சேர்க்கப்பட்டார்கள். ஸ்டில் சொன்னவற்றில் பல பின்னாளைய அறிவியலில் நிற்கவில்லை. உடம்பு ஒரே முழுமை, உறுப்பு உறுப்பாகப் பிரித்து அதைப் பார்க்கக்கூடாது என்ற அடிப்படை நின்றது. இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவர்கள் மற்ற மருத்துவர்களைப் போலவே மருந்து எழுதுகிறார்கள், அறுவை செய்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்ப மருத்துவம், குழந்தை நலம் போன்ற முதல்நிலை மருத்துவத்தில் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனை எட்டாத கிராமங்களுக்கு அவர்கள் செய்துவருவது பெரிய பங்களிப்பு.

உடம்பைத் தொட்டு முழுமையாகப் பார்ப்பது தமிழருக்குப் புதிய சிந்தனை அல்ல. சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் தொக்கணம் என்ற பிடித்துத் தடவும் முறை உண்டு. தென்மாவட்டங்களில் வர்ம ஆசான்கள் உண்டு. கை முறிந்தால் இன்றும் புத்தூர் கட்டுக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் உண்டு. தொட்டுப் பார்க்கும் வைத்தியரிடம் நோயாளி வாய்திறந்து பேசுவார் என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள்.

அந்தமான் பழங்குடிகளும் இதைத் தங்கள் வழியில் அறிந்திருந்தார்கள். தலை வலித்தால் நெற்றியைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். களிமண்ணைக் குழைத்து உடம்பில் பூசுவார்கள். இறந்துபோன உறவினரின் எலும்புகளைக் கோத்து மாலையாக்கி வைத்திருப்பார்கள்; வலியோ காய்ச்சலோ வந்தால் அதை எடுத்து நோயுள்ள இடத்தில் கட்டிக்கொள்வார்கள். எட்வர்ட் ஹோரஸ் மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவற்றை விரிவாகப் பதிவு செய்தார். 1906-08 ஆண்டுகளில் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரௌனும் எழுதினார். படிக்கும்போது முதலில் வியப்பு வருகிறது, பிறகு மனம் கனக்கிறது. அந்த எலும்பு மாலைகள் இறந்தவர் தம் ஆட்களைக் காப்பார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. கப்பலில் வந்த நோய்களுக்கு எதிராக அவற்றால் எதுவும் செய்ய முடியவில்லை.

இந்தத் தீவுகளில் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்கு வழிவகுத்தவர்கள் மருத்துவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1857 கிளர்ச்சிக்குப் பின் கைதிகளை அனுப்ப இடம் தேடிய குழுவுக்குத் தலைவர் மருத்துவர் பிரெடரிக் மோவாட். 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளோடு வந்திறங்கி முதல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர். அவர்கள் மருத்துவம் படித்தவர்கள். ஆனால் கொண்டுவந்தது சிறையை. 1863-இல் பழங்குடிகளைப் பழக்குவதற்கென்று அந்தமான் இல்லம் என்ற ஒன்றைத் திறந்தார்கள். அங்கே வந்துபோனவர்கள் வழியாக மேகநோய் காட்டுக்குள் நுழைந்தது. 1877-இல் தட்டம்மை வந்தது. கிரேட் அந்தமானியர்கள் என்ற பழங்குடியினரில் பெரும்பகுதி அதில் அழிந்தது.

தட்டம்மை குழந்தைகளுக்கு வந்துபோகும் நோய் என்றே நமக்குப் பழக்கம். அதை ஒருபோதும் கண்டிராத கூட்டத்தில் அது வேறுவிதமாக நடந்துகொள்கிறது. பாட்டி, தாய், பிள்ளை, வேட்டைக்காரர் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வரும். தண்ணீர் கொண்டுவர ஆள் இருக்காது. பன்றி வேட்டைக்குப் போக ஆள் இருக்காது. அம்மையில் தப்பியவரை நிமோனியாவும் பசியும் பிடித்துக்கொள்ளும். 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர்கள் 625 பேர். 1931-இல் 90. 1961-இல் 19.

1999-இல் ஜாரவாக்களுக்குத் தட்டம்மை என்ற செய்தி வந்தபோது இந்த எண்களை அறிந்தவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அப்போது கதம்தலா ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவர் மருத்துவர் ரத்தன் சந்திர கர். மேற்கு வங்கத்துக்காரர், அதற்கு முன் நாகாலாந்தில் கொன்யாக் மக்களிடையே பணியாற்றிய அனுபவம் உள்ளவர். அவர் ஆஸ்டியோபதி படித்தவரல்ல, சாதாரண எம்.பி.பி.எஸ். மருத்துவர். ஆயினும் ஸ்டில் கேட்ட முழுமையான பார்வை அவர் வேலையில் இருந்தது. 1998-இல் கதம்தலாவுக்கு வந்ததிலிருந்து அவர் படகிலேறி ஜாரவாக்களிடம் போனார். தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுபோனார். காயங்களுக்கு மருந்து போட்டார். அவர்கள் மொழியைச் சொல் சொல்லாகக் கற்றுக்கொண்டார். ஜாரவா என்பது அயலார் இட்ட பெயர்; தங்களை அவர்கள் அங் என்று சொல்லிக்கொள்கிறார்கள், மனிதர் என்பது அதன் பொருள். இதைத் தெரிந்துகொண்டு பேசுகிற மருத்துவருக்கும் தெரியாமல் ஊசியோடு வருகிற மருத்துவருக்கும் இடையே உள்ள தூரம், மருத்துவப் பாடநூல் எதிலும் அளக்கப்படாதது.

அம்மை பரவியபோது நோயாளிகள் வைத்தியத்துக்கு இணங்கியதற்கு இந்த முன்பழக்கமே காரணம் என்று கருத இடமிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைக் கேட்டால் எந்தத் தாயும் கொடுக்க மாட்டாள். 1877 திரும்பவும் நிகழவில்லை. 2001 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 240, 2011-இல் 380. அதே 2011-இல் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. ஆயிரத்தில் ஒருவர் ஜாரவா. மருத்துவர் ரத்தன் சந்திர கருக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஜாரவாக்களைப் பற்றி அவர் நூலும் எழுதியிருக்கிறார்.

மருத்துவர்களைப் பற்றி எழுதும்போது செவிலியரை ஒரு வரியில் கடந்துபோகும் பழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. அந்தமானில் அது பெரிய பிழையாகும்.

சாந்தி தெரேசா லக்ரா நடு அந்தமானில் ரங்கத் அருகே பிறந்தவர். சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஓராவோன் குடும்பம். தீவில் இவர்களை ராஞ்சிக்காரர்கள் என்பார்கள். ஏ.என்.எம். செவிலிப் பயிற்சி முடித்த அவருக்கு 2001-இல் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் பணி. ஓங்கே மக்களின் குடியிருப்பு அது. அடுத்த ஊரான ஹட் பே போகக் கடலிலோ காட்டிலோதான் வழி. ஓங்கேக்கள் 1901-இல் 672 பேர் என்று மதிப்பிடப்பட்டவர்கள்; இருபத்தோராம் நூற்றாண்டு தொடங்கும்போது நூறு பேரளவில் குறைந்திருந்தார்கள். நூறு பேரில் ஒரு பிரசவம் என்பது புள்ளிவிவரம் அல்ல. ஒரு குழந்தை பிழைத்தால் இனம் ஒரு சதவீதம் வளர்கிறது.

2004 டிசம்பர் 26 காலையில் நிலம் குலுங்கியபோது ஓங்கேக்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மேட்டுக்குப் போய்விட்டார்கள். மூதாதையர் கற்றுக்கொடுத்த அறிவு அது. டுகாங் கிரீக் குடியிருப்பைக் கடல் அழித்தது. ஓங்கேக்கள் உயிர் பிழைத்தார்கள். அவர்களோடு லக்ராவும் காட்டுக்குள் இருந்தார். மருந்து, உடைமை எல்லாம் போய்விட்ட நிலையிலும் அவர் ஊர் திரும்பாமல் அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று அந்த நாட்களில் பிரித்துச் சொல்ல முடியாது. செவிலியை மேட்டுக்கு அழைத்துப்போன மக்களுக்கு அந்தச் செவிலி துணையிருந்தார். 2011-இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதற்கு முன்பு, 2008 டிசம்பரில், கரையொதுங்கிய ஒரு கலத்திலிருந்த திரவத்தை மது என்று நினைத்துக் குடித்த எட்டு ஓங்கே ஆண்கள் இறந்தார்கள். நூறு பேரில் எட்டு. சுனாமி எடுக்காத உயிர்களைக் கடலில் மிதந்துவந்த கழிவு எடுத்தது. ஒரு மருத்துவ நிலையத்தின் மருந்துப் பட்டியல் மட்டும் இதற்குப் போதாது. குடிப்பழக்கம் அவர்களுக்கு யாரால் வந்தது என்ற இடத்திலிருந்துதான் அதற்கான வைத்தியத்தைத் தொடங்க வேண்டும்.

பழங்குடிகளை விட்டு விவசாயிகளிடம் வந்தால், வடக்கு அந்தமானின் திக்லிபூரில் இன்னொரு கதை இருக்கிறது. 1988 முதல் மழைக்காலத்தின் பின்பகுதியில் அங்கே ஒரு காய்ச்சல் தோன்றியது. வயலில் வேலை செய்த திடமான ஆட்கள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்த சில நாட்களில் இருமி ரத்தம் கக்கி இறந்தார்கள். காரணம் தெரியவில்லை. அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் மட்டும் வைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983-இல் போர்ட் பிளேயரில் நிறுவிய வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் 1990-களில் விடையைக் கண்டார்கள்: லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீரில், மாட்டின் சிறுநீரில் வெளிவரும் சுருள் வடிவக் கிருமி சேற்றில் காத்திருக்கிறது. நாற்று நடுபவரின் பாதத்தில் உள்ள சிறு கீறல் வழியே ஏறுகிறது. இந்தத் தீவில் அது நுரையீரலைத் தாக்குகிறது.

நெஞ்சைச் சுடும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. அதே கிருமியை அதே தீவில் டெய்லர், கோயல் என்ற இரு ஆய்வாளர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1931-இல் தனி நூலாகவே வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் சோதித்தது கைதிகளின் ரத்தத்தை. கைதிக் குடியேற்றம் முடிந்தது, போர் வந்தது, ஜப்பானியர் வந்து போனார்கள், புதிய குடியேறிகள் வந்தார்கள். அறிவு நூலகத்தில் கிடந்தது, வயலுக்கு வரவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்த முறை மறக்கவில்லை. வடக்கு அந்தமானில் 782 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி 2000-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின். மறுபகுதியினருக்கு வெற்று மாத்திரை. மாத்திரை கிருமி உடம்பில் ஏறுவதைத் தடுக்கவில்லை. ஆனால் நோயாக வெளிப்பட்டவர்கள் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர், பெறாதவர்களில் சுமார் 7 பேர். சேற்றை வெறுத்தால் சோறு இல்லை என்ற நிலையில் இருக்கும் விவசாயிக்கு இது பெரிய வித்தியாசம்.

தெற்கே நிக்கோபாரில் நங்கௌரித் தீவுக்கூட்டத்தில் யானைக்கால் நோயின் ஒரு தனி வகை இருக்கிறது. இந்தியாவின் மற்ற இடங்களில் அந்நோயின் நுண்புழுக்கள் இரவில் ரத்தத்தில் உலாவும். அதனால் இரவில் ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். இங்கே பகலில் கடிக்கும் காட்டுக் கொசுவுக்கு ஏற்பப் பகலில் உலாவுகின்றன. இந்தியாவில் வேறெங்கும் இல்லாத வகை. வீட்டில் கொசுவலை கட்டுவதால் இதைத் தடுக்க முடியாது, தேங்காய் பொறுக்கப் போகும் நேரத்தில் கடிக்கிற கொசு இது. இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவில் தமிழர்களும் வாழ்கிறார்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தேயிலையிலிருந்து ரப்பருக்கு, அட்டைக்கடியிலிருந்து கொசுக்கடிக்கு. 2004 சுனாமி கச்சாலைக் கடுமையாகத் தாக்கியது. இவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றி எழுதப்பட்டது அதைவிடக் குறைவு.

தீவுகளில் மருத்துவம் என்பது பாதி தூரத்தோடு போராட்டம். எண்ணூற்றுக்கு மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் வடக்கு தெற்காகச் சுமார் 700 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. கடல் கொந்தளித்தால் படகு இல்லை. மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் இல்லை. ஜி.பி. பந்த் மருத்துவமனையில் முடியாததற்கு பெருநிலத்துக்குப் போக வேண்டும், பெரும்பாலும் சென்னைக்கு. கப்பலில் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். 2015-இல் போர்ட் பிளேயரில் மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. 2024-இல் ஊருக்கே ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாறியது. தொலைதீவு நோயாளிக்குப் படகுத்துறையின் தூரம் மாறவில்லை.

ஜாரவாக்களைப் பொறுத்தவரை தூரம் கூடுவதுதான் பாதுகாப்பு என்ற வாதம் வலுவானது. அவர்கள் காட்டின் வழியே போகும் டிரங்க் சாலையை அப்பகுதியில் மூட வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் ஜிர்காடாங்கிலிருந்து வாகன வரிசைகள் போய்க்கொண்டிருக்கின்றன. தீவுக்காரர்கள் கான்வாய் என்கிறார்கள். வடக்கேயிருந்து நோயாளியை ஏற்றிவரும் வாகனமும் அந்த வழியில்தான் வருகிறது, வேடிக்கை பார்க்கப் போகும் சுற்றுலா வண்டியும் அதே வழியில்தான் போகிறது. சாலையை மூடச் சொல்பவர் நோயாளியை மறக்கக்கூடாது. நோயாளியைக் காட்டிச் சாலையைத் திறந்துவைப்பவர் அந்தச் சுற்றுலா வண்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். மருத்துவத் தேவைக்குக் கடல்வழியை வலுப்படுத்துவதே நேர்மையான தீர்வு. அபாயம் நீங்கிவிடவில்லை: 2006-இல் ஜாரவாக்களிடையே மீண்டும் தட்டம்மை காணப்பட்டது.

2020 ஆகஸ்டில் கொரோனா கிரேட் அந்தமானியர்களை எட்டியது. எஞ்சிய ஐம்பது பேரளவில் உள்ள அந்த மக்களில் ஒரு பகுதியினர் ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்டவர்கள்; ரேஷனுக்கும் வேலைக்கும் நகரத்துக்கு வந்துபோகிறவர்கள். முதலில் போர்ட் பிளேயரில் இருந்த ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. கொந்தளித்த கடலில் சுகாதாரக் குழு ஒன்று படகேறி ஸ்ட்ரெயிட் தீவுக்குப் போய் 37 பேரின் மாதிரிகளை எடுத்து வந்தது. அதில் நான்கு பேருக்குத் தொற்று. மொத்தம் பத்துப் பேர். 1877-இல் தட்டம்மை வந்தபோது இதே மக்களில் பெரும்பகுதி அழிந்தது. இந்த முறை பெயர் பெயராக எண்ணினார்கள், தனியே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பத்துப் பேரும் பிழைத்தார்கள்.